முதல் சில மணி நேரமும் கடைசி அரை மணி நேரமும்: தற்காலிக மருத்துவர்களைப் பணிக்கு அழைக்கும் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தற்காலிக மருத்துவர்களைப் பணிக்கு அமர்த்தும் மருத்துவமனை நிர்வாகிகளுக்கும், மருத்துவக் கண்காணிப்பாளர்களுக்கும், துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

உங்கள் மருத்துவர் ஒருவர் மகப்பேறு விடுப்பில் செல்லும்போதும், ஓய்வு பெற்றவரின் இடம் மாதக்கணக்கில் நிரப்பப்படாமல் கிடக்கும்போதும், இரவுப் பணிக்கு ஆள் இல்லாமல் பணிப்பட்டியலில் வெற்றிடம் விழும்போதும் நீங்கள் அழைப்பது எங்களைத்தான். பெட்டியுடன் வந்து இறங்குகிறோம். சில நாட்களோ சில வாரங்களோ உங்கள் வார்டுகளில் பணியாற்றுகிறோம். பிறகு அடுத்த ஊருக்குப் புறப்படுகிறோம். பொது மருத்துவப் பிரிவுகளில் பல ஆண்டுகளாக இப்படி ஊர் ஊராகப் பணிசெய்து வருபவள் நான். ஊதியத்தைப் பற்றி முறையிட இந்த மடலை எழுதவில்லை. உங்கள் நோயாளிகள் எங்கள் கையில் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கிறார்கள் என்பதில் உங்களுக்கு இருக்கும் பங்கைப் பற்றிப் பேசவே எழுதுகிறேன். அந்தப் பங்கு நீங்கள் நினைப்பதைக் காட்டிலும் பெரியது என்பது என் உறுதியான கருத்து.

2017 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 'ஜாமா' இதழில் ஓர் ஆய்வு வெளியானது. முதியோருக்கான அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீட்டின் கீழ் 2009 முதல் 2014 வரை மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டு, பொது மருத்துவர்களால் கவனிக்கப்பட்ட ஏறத்தாழ 18 லட்சம் சேர்க்கைகளை அது ஆராய்ந்தது. தற்காலிக மருத்துவர்கள் கவனித்த நோயாளிகளில் 30 நாட்களுக்குள் இறந்தோர் 8.83 சதவீதம், மற்ற மருத்துவர்கள் கவனித்தவர்களில் 8.70 சதவீதம். புள்ளியியல் நோக்கில் இரண்டும் ஒன்றே. தற்காலிக மருத்துவர் என்றாலே தரம் குறைந்தவர் என்று கருதுவோருக்கு இந்த எண்களே போதிய பதில் என்று நினைத்து நான் மகிழ்ந்திருக்கலாம். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. தற்காலிக மருத்துவர்களை எப்போதாவது மட்டுமே அழைக்கும் மருத்துவமனைகளைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அங்கே அவர்கள் கவனித்த நோயாளிகளின் இறப்பு விகிதம் குறிப்பிடத்தக்க அளவு கூடியிருந்தது. இத்தகைய ஆய்வு காரணத்தை அறுதியிட்டு நிறுவாது என்பதை அறிவேன். எனினும் பல மருத்துவமனைகளின் வாசலில் முதல் நாள் காலையில் நின்ற அனுபவத்தை வைத்து அந்த முடிவைப் படிக்கும்போது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. புதியவரை வரவேற்றுப் பழகிய இடத்தில் ஓர் ஒழுங்கு இருக்கும். பழகாத இடத்தில் வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் வந்துவிட்டார் என்பதே போதுமானதாகக் கருதப்படும்.

மருத்துவம் எங்கும் ஒன்றுதான், நுரையீரல் அழற்சி எங்கும் நுரையீரல் அழற்சிதான், பிறகு புதிய இடம் என்பதில் என்ன சிக்கல் என்று நீங்கள் கேட்கலாம். நோய் ஒன்றுதான், அதைச் சுற்றி ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கென்று வகுத்துக்கொண்ட ஏற்பாடுகள்தாம் வேறு வேறு. ஒரு நோயாளிக்கு இதயத் துடிப்பு நின்றுவிட்டால் உயிர்மீட்புக் குழுவை அழைக்க வேண்டிய உள்தொலைபேசி எண் எது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2004-ஆம் ஆண்டில் தேசிய நோயாளி பாதுகாப்பு முகமை இதைக் கவனித்தபோது, மருத்துவமனைகளில் 27 வெவ்வேறு எண்கள் புழக்கத்தில் இருப்பது தெரியவந்தது. அதன் பிறகுதான் 2222 என்ற ஒரே எண் பரிந்துரைக்கப்பட்டது. 2016-இல் ஐரோப்பிய உயிர்மீட்புக் கழகமும் மயக்கவியல் அமைப்புகளும் அதே எண்ணை ஐரோப்பா முழுவதற்கும் முன்மொழிந்தன. ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இருப்பவருக்கு அந்த எண் விரல் நுனியில் இருக்கும். போன வாரம் ஓரிடத்திலும் இந்த வாரம் வேறோரிடத்திலும் நிற்பவருடைய விரல், பழைய எண்ணைத்தான் முதலில் தேடும்.

2005-ஆம் ஆண்டில் பென்சில்வேனியாவில் நடந்த ஒரு நிகழ்வை நான் ஒவ்வொரு புதிய இடத்திலும் நினைத்துக்கொள்கிறேன். நோயாளி ஒருவரின் மணிக்கட்டில் மஞ்சள் பட்டை கட்டப்பட்டிருந்தது. அந்த மருத்துவமனையில் மஞ்சள் பட்டைக்கு, இதயம் நின்றால் உயிர்மீட்பு முயற்சி வேண்டாம் என்று பொருள். அதைக் கட்டிய செவிலியரோ வேறொரு மருத்துவமனையிலும் பணியாற்றுபவர். அங்கே அதே மஞ்சள், அந்தக் கையில் ரத்தம் எடுக்கக் கூடாது என்பதைக் குறித்தது. நோயாளியின் இதயம் நின்றது. ஓடிவந்த குழு பட்டையைப் பார்த்துத் தயங்கியது. உடனிருந்த ஒருவர் தவற்றை உணர்ந்து சொன்னதால் நோயாளி உயிர் பிழைத்தார். இதில் எந்தத் தனிமனிதரின் அறிவிலும் குறை இல்லை. இரண்டு இடங்களின் வழக்கங்கள் ஒரு மனிதரின் நினைவில் மோதிக்கொண்டன, அவ்வளவுதான். எங்களுடைய அன்றாடம் முழுவதும் இத்தகைய மோதல்களுக்கு இடையில்தான் நடக்கிறது. ஓரிடத்தில் ரத்தச் சர்க்கரை 180 என்று எழுதப்படும். வேறு அலகைப் பயன்படுத்தும் இடத்தில் அதே அளவு 10 என்று எழுதப்படும். ஓரிடத்தில் அட்ரினலின் எனப்படும் மருந்து மற்றோரிடத்தில் எபிநெஃப்ரின். இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் கருவியின் பொத்தான்கள், அவசர மருந்து வண்டியின் இழுப்பறைகள், முதலில் தொடங்க வேண்டிய ஆன்டிபயாட்டிக், இரவில் ஸ்கேன் எடுக்க யாருடைய அனுமதி வேண்டும் என்பது, ரத்த வங்கிக்கு அனுப்பும் படிவம் என்று எல்லாமே ஊருக்கு ஊர் மாறும். புதிதாக வந்தவருக்கு இவற்றுள் எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் பணி தொடங்கிய நிமிடம் முதல் இவை அனைத்தும் தெரிந்தவரைப் போல அவர் செயல்பட வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது.

தெரியாமல் இருப்பதன் விலை சில சமயம் ஓர் உயிராகிவிடுகிறது. 2008 பிப்ரவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ்ஷயர் பகுதியில், பணிநேரத்துக்குப் பிந்தைய அழைப்புகளைக் கவனிக்க ஜெர்மனியிலிருந்து வந்திருந்த மருத்துவர் ஒருவர், பிரிட்டனில் தமது முதல் பணியின்போதே, சிறுநீரகக் கல் வலியால் துடித்த 70 வயது நோயாளிக்கு டயமார்ஃபின் என்ற வலுவான வலிநிவாரணி மருந்தை 100 மில்லிகிராம் செலுத்தினார். அது கொடுத்திருக்க வேண்டிய அளவைப் போலப் பத்து மடங்கு. நோயாளி இறந்துபோனார். 2010-இல் முடிந்த மரண விசாரணை அந்த மருத்துவரின் கடும் அலட்சியத்தைக் குற்றமாகவே கண்டது. அந்தப் பொறுப்பிலிருந்து அவரை விடுவிக்க நான் இங்கே வாதாட வரவில்லை. ஆனால் தம் நாட்டில் அத்தகைய பணியில் தாம் கையாண்டிராத ஒரு மருந்தை அவர் கையில் எடுத்தார் என்பதும், பயணக் களைப்போடு அன்று பணியில் இருந்தார் என்பதும், அவரை அனுப்பிய ஏற்பாடு இவற்றை முன்கூட்டியே கேட்டறிந்து தடுத்திருக்க முடியும் என்பதும் சேர்த்தே நினைவுகூரப்பட வேண்டியவை. தகுதிச் சான்றிதழ் சரிபார்ப்பு ஒருவர் மருத்துவரா என்பதைச் சொல்லும். உங்கள் மருத்துவமனையில் இன்றிரவு அவரால் பாதுகாப்பாகப் பணியாற்ற முடியுமா என்பதை அது சொல்லாது.

ஆகவே என் முதல் கோரிக்கை, வந்து சேரும் முதல் சில மணி நேரத்தைப் பற்றியது. நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் முன் எங்களுக்கு அரை நாள் கொடுங்கள். அரை நாள் முடியாவிட்டால் இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். அந்த நேரத்தில் ஐம்பது பக்கக் கையேட்டையோ, தீயணைப்பு விதிகளைப் பற்றிய காணொளியையோ தர வேண்டாம். வார்டில் நீண்ட நாள் பணியாற்றும் மூத்த செவிலியர் ஒருவரை எங்களோடு நடக்க விடுங்கள். அவசர வண்டி எங்கே நிற்கிறது, உயிர்மீட்பு எண் எது, நள்ளிரவில் எந்த மருத்துவரை எந்த எண்ணில் எழுப்பலாம், எந்த நோயாளியை இங்கே வைத்துக்கொள்ள முடியாமல் வேறு மருத்துவமனைக்கு அனுப்புவீர்கள் என்பனவற்றை அவர் நடந்தபடியே சொல்லிவிடுவார். நான் கண்டவரையில் இதைவிடச் சிறந்த அறிமுகம் எங்கும் இல்லை. சில இடங்களில் ஒரே ஒரு தாளில் இந்த விவரங்களை அச்சிட்டு அடையாள அட்டையின் பின்புறம் வைத்துக் கொடுக்கிறார்கள். அந்தத் தாளைத் தயாரித்தவருக்கு மனத்துக்குள் நன்றி சொல்லாமல் நான் ஒரு பணியையும் முடித்ததில்லை.

நோயாளிகளின் பொறுப்பை எங்களிடம் ஒப்படைப்பதிலும் ஒரு முறை வேண்டும். 2014-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியான ஆய்வொன்று, ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் பணி ஒப்படைப்பை வாய்மொழியிலும் எழுத்திலும் ஒரு வரிசைக்கு உட்படுத்தியபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்ததைக் காட்டியது. அங்கே ஒப்படைத்தவரும் பெற்றுக்கொண்டவரும் ஒரே இடத்தில் பயிற்சி பெற்று, ஒருவரையொருவர் அறிந்தவர்கள். அப்படிப்பட்டவர்களுக்கே இவ்வளவு பயன் என்றால், யாரையும் அறியாமல் வந்து நிற்பவருக்கு அது எவ்வளவு தேவை என்று எண்ணிப் பாருங்கள். "கோப்பில் எல்லாம் இருக்கிறது" என்ற ஒற்றை வாக்கியத்தோடு ஒரு வார்டு முழுவதும் என்னிடம் ஒப்படைக்கப்பட்ட காலைகள் உண்டு. கோப்பில் எல்லாம் இருப்பதில்லை. மகனிடம் நோயின் தன்மையைச் சொல்ல வேண்டாம் என்று தாய் கேட்டுக்கொண்டதும், நேற்று மாலை முதல் ஏதோ சரியில்லை என்று செவிலியர் சந்தேகப்படுவதும் எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

அடுத்து, கணினி. இது சிறிய நிர்வாக விஷயம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு இது இந்த மடலின் நடுப்புள்ளி. பணி தொடங்கும் நாளில் எங்கள் பெயரில் லாகின் தயாராக இல்லாதபோது என்ன நடக்கிறது தெரியுமா? நல்ல மனம் படைத்த யாராவது ஒரு நிரந்தர மருத்துவர், "என்னுடையதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்" என்று தம் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுகிறார். அந்த நொடி முதல், நான் எழுதும் ஒவ்வொரு மருந்தும் அவர் எழுதியதாகப் பதிவாகிறது. மருந்தகத்திலிருந்து சந்தேகம் கேட்க அழைப்பு வந்தால் அவருக்குப் போகிறது. ஆய்வகம் அபாய அளவிலுள்ள பொட்டாசிய முடிவை அவருக்குத் தெரிவிக்கிறது. அவரோ விடுப்பில் இருக்கிறார். ஆண்டுகள் கழித்து வழக்கு வந்தால், யார் எதைச் செய்தார் என்று நிறுவ இருவரிடமும் எதுவும் இராது. மறுத்துவிட்டாலோ, நோயாளியின் பழைய பரிசோதனை முடிவுகளைக்கூடப் பார்க்காமல் சிகிச்சை முடிவுகளை எடுக்க வேண்டியதாகிறது. இரண்டுமே தவறான வழிகள். நான் வரும் தேதி உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். என் சான்றிதழ்களைச் சரிபார்க்க வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும் அதே அலுவலகம், அந்த வாரங்களுக்குள் என் பெயரில் ஒரு லாகினையும் உருவாக்கி வைத்திருக்க முடியும்.

பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், தோலில் கத்தி படும் முன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்பது ஓர் அம்சம். எட்டு நகரங்களில் அந்தப் பட்டியலைச் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததாக 2009-இல் முடிவுகள் வெளிவந்தன. பட்டியலின் பல அம்சங்களும் சேர்ந்தே அந்தப் பலனைத் தந்திருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் பெயர் தெரிந்தவரிடம்தான் மனிதர்கள் துணிந்து கேள்வி கேட்கிறார்கள் என்பதை வார்டில் நின்றவர் எவரும் அறிவார். "அந்த டெம்பரரி டாக்டர்" என்று குறிப்பிடப்படும் ஒருவரிடம், "டாக்டர், இந்த அளவு கூடுதலாகத் தெரிகிறதே" என்று இளம் செவிலியர் ஒருவர் சொல்லத் தயங்குவார். அந்தத் தயக்கம்தான் எனக்கு அச்சம் தருகிறது. முதல் நாள் ரவுண்ட்ஸில் துறைத் தலைவர் இரண்டு நிமிடம் நின்று, இவர் இன்னார், இன்ன தேதிவரை நம்மோடு இருப்பார், சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள் என்று சொன்னால் அது பெருமளவு விலகிவிடும்.

பணிநேரப் பட்டியலில் எவரும் விரும்பாத இரவுகளும் விடுமுறை நாட்களும் எங்களுக்கு வருவதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெரும்பாலும் அதற்காகத்தான் அழைக்கப்படுகிறோம். பயணம் செய்து வந்த அதே நாளின் இரவில் பணியைத் தொடங்கச் சொல்வதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடைய அளவுக்குக் குறைகிறது என்று 1997-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு காட்டியது. காலையில் எழுந்து, பகல் முழுவதும் பயணம் செய்து, இரவு எட்டு மணிக்கு உங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்பவர் நள்ளிரவுக்கு முன்பே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார்.

இனி, புறப்படும் வேளை. வருகையைப் பற்றியாவது சில இடங்களில் யோசிக்கிறார்கள். விடைபெறுதலைப் பற்றி அநேகமாக யாரும் யோசிப்பதில்லை. கடைசி நாள் மாலை பணி முடிகிறது, அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கிறோம், கணினிக் கணக்கு அன்றிரவே மூடப்படுகிறது. ஆனால் நான் அனுப்பிய பயாப்சியின் முடிவு பத்து நாள் கழித்து வரும். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை இரண்டு நாள் கழித்து வரும். அவை என் பெயருக்கு வரும். நான் அங்கே இருக்க மாட்டேன். 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், டிஸ்சார்ஜ் ஆன நோயாளிகளில் 41 சதவீதத்தினருக்குப் பரிசோதனை முடிவு ஏதேனும் ஒன்று நிலுவையில் இருந்தது. பின்னர் வந்த அந்த முடிவுகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று சிகிச்சையையே மாற்றக்கூடியதாக இருந்தது. மருத்துவர்கள் பலருக்கு அவை வந்ததே தெரியவில்லை. அதே மருத்துவமனையில் நாளையும் இருக்கப்போகிறவர்களின் நிலை இது. போய்விட்டவரின் பெயருக்கு வரும் முடிவை யார் திறந்து பார்ப்பார்கள்?

இதற்கு எளிய ஒரு வழி உண்டு. ஒப்பந்தத்தின் கடைசி நாளில் அரை மணி நேரம் நோயாளிகளைப் பார்க்கும் பணியிலிருந்து எங்களை விடுவியுங்கள். நிலுவையிலுள்ள முடிவுகள், மீண்டும் வரச் சொன்ன நோயாளிகள், முடிவெடுக்காமல் விட்டிருக்கும் கேள்விகள் ஆகியவற்றை எழுதி, பெயர் குறிப்பிட்ட ஒரு நிரந்தர மருத்துவரிடம் நேரில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். எந்த நிர்வாகமும் கேட்காமலே நான் இதை எழுதிவைத்துவிட்டு வருவது வழக்கம். பெற்றுக்கொள்ள ஒருவர் இல்லாவிட்டால், அது மேசையின் மீது கிடக்கும் ஒரு காகிதம் மட்டுமே.

நாங்கள் போன பிறகு நடப்பவற்றையும் எங்களுக்குத் தெரிவியுங்கள். நான் கவனித்த நோயாளி பற்றிப் புகார் வந்தால், நான் தொடங்கிய சிகிச்சையால் பக்கவிளைவு ஏற்பட்டால், தவறுகளை ஆராயும் உங்கள் கூட்டத்தில் நான் எடுத்த முடிவு விவாதிக்கப்பட்டால், அந்தச் செய்தி எனக்கு வந்தாக வேண்டும். பெரும்பாலான இடங்களில் எளிய வழி ஒன்று பின்பற்றப்படுகிறது: அந்தத் தற்காலிக மருத்துவரை இனி அழைக்காமல் விட்டுவிடுவது. இதனால் அவர் எதையும் கற்றுக்கொள்வதில்லை. அடுத்த ஊரில் அதையே செய்வார். தவறு உண்மையில் அவருடையதாக இல்லாமல் உங்கள் ஏற்பாட்டில் இருந்திருந்தால், அதைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியும் அந்த அறையில் இருப்பதில்லை. தொழில்முறைக் காப்பீட்டிலும் இதே போன்ற இடைவெளி உண்டு. சில காப்பீடுகள், உரிமைகோரல் வரும் நாளில் அமலில் இருந்தால் மட்டுமே பொறுப்பேற்கும். பணிக்காலம் முடிந்து ஆண்டுகள் கழித்து வரும் வழக்குக்கு யார் காப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

நிரந்தர மருத்துவருக்கு நாங்கள் ஈடாவோம் என்று நான் சொல்லவில்லை. ஒரே மருத்துவரிடம் தொடர்ந்து காட்டிக்கொள்ளும் நோயாளிகளைப் பற்றிய 22 ஆய்வுகளை 2018-இல் தொகுத்துப் பார்த்தபோது, அவற்றில் 18 ஆய்வுகள் அந்தத் தொடர்ச்சிக்கும் குறைந்த இறப்பு விகிதத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டின. தம் கதையை மூன்றாவது முறையாகப் புதியவர் ஒருவரிடம் முதலிலிருந்து சொல்லத் தொடங்கும் முதியவரின் முகத்தைப் பார்க்கும்போது அது எனக்கும் விளங்குகிறது. ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தைத் தற்காலிக மருத்துவர்களால் நிரப்பிக்கொண்டு வருகிறீர்கள் என்றால், நல்ல ஊதியமும் நியாயமான பணிநேரமும் தந்து அங்கே நிரந்தரமாக ஒருவரை அமர்த்துங்கள். என் வாய்ப்பு ஒன்று குறைவதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் விடுப்பும் நோயும் ஓய்வும் இருக்கும்வரை, இடைவெளிகளை நிரப்ப யாராவது வந்துகொண்டுதான் இருக்க வேண்டும்.

இந்த வாழ்க்கையை நான் விரும்பியே தேர்ந்தெடுத்தேன். குடும்பத்திலிருந்து விலகி, யாருடைய அறையிலோ உறங்கி எழுந்து, உணவு மேசையில் தனியே அமர்ந்து உண்ணும் மாலைகள் இதில் உண்டு. மருத்துவரே இல்லாமல் மூடப்படவிருந்த ஒரு பிரிவைத் திறந்து வைத்திருந்தோம் என்ற நிறைவும் உண்டு. இதற்கெல்லாம் மேலாக, நிரந்தரப் பணியில் உள்ளவருக்குக் கிடைக்காத ஒன்று எங்களுக்குக் கிடைக்கிறது. ஒரே வேலையைப் பல மருத்துவமனைகள் எப்படி எப்படிச் செய்கின்றன என்பதை உள்ளிருந்து பார்க்கிறோம். ஓரிடத்தில் இன்சுலின் பிழைகளைத் தடுக்கும் நல்ல படிவத்தைக் கண்டிருப்போம்; மற்றோரிடத்தில் மருந்து வண்டியின் ஒழுங்கைக் கண்டிருப்போம். உங்கள் வார்டில் நீங்கள் பழகிப்போய்க் கவனிக்காமல் விட்ட ஆபத்து ஒன்று புதியவரின் கண்ணில் முதல் நாளே படும். புறப்படும்போது எங்களை அமரவைத்து, "இங்கே எது சரியில்லை, வேறெங்காவது இதைச் சிறப்பாகச் செய்கிறார்களா?" என்று கேட்ட மருத்துவக் கண்காணிப்பாளர்கள் மிகச் சிலரே. அவர்கள் கேட்டதற்கெல்லாம் நான் உண்மையான பதில்களைச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த முறை எங்களுள் ஒருவருக்குப் பணி உறுதிக் கடிதம் அனுப்பும்போது, நாள், நேரம், ஊதியம் ஆகியவற்றோடு இன்னும் சில வரிகளைச் சேர்த்து எழுதுங்கள்: முதல் நாள் எங்களை எதிர்கொள்பவர் யார், எத்தனை மணிக்கு, எங்கள் பெயரிலான லாகின் எந்தத் தேதியில் இயங்கத் தொடங்கும், பணிக்காலம் முழுவதும் சந்தேகங்களுக்கு நாங்கள் அணுக வேண்டிய மூத்த மருத்துவர் யார், கடைசி நாளில் எங்கள் நோயாளிகளின் பட்டியலைப் பெற்றுக்கொள்பவர் யார். இந்த விவரங்களை எழுத முடியாத நிலையில் இருந்தால், அவற்றை ஏற்பாடு செய்த பிறகு கடிதத்தை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வார்டுகளில் பணியாற்றிச் செல்லும் தற்காலிக மருத்துவர்களுள் ஒருத்தி